பத்துத் தப்புக்கு ஒரு சரி

மைசூரைச் சுற்றியுள்ள இன்ஜினியரிங் கல்லூரிகளில் எத்தனையோ வாத்தியார்கள் எத்தனையோ காரணத்துக்காக மாணவர்களைத் திட்டியிருக்கிறார்கள். முதல் தடவையிலேயே சரியான விடையைக் கொண்டுவந்த பாவத்துக்காகத் திட்டிய வாத்தியார் இந்தப் பூமண்டலத்திலேயே ஒருவர்தான். எங்கள் தப்பு சார். அடித்துச் சொல்கிறேன், வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது. தப்பு என்றால் தமிழிலும் தப்புதான், கன்னடத்திலும் தப்புதான். அதனால் மொத்தக் கல்லூரியும் மொழிச் சண்டை இல்லாமல் அந்தப் பட்டப்பெயரை ஏற்றுக்கொண்டிருந்தது. அவரும் போனை எடுத்தால் "தப்பு பேசறனுங்" என்றுதான் சொல்வார்.

எனக்கும் அவருக்கும் ஒரே கேபின், இரண்டு மேஜை. நான் மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியை. அப்பா ரயில்வே வேலையாக மைசூர் வந்தவர், நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தப்பு சார் ஹனூர் தாண்டி, காட்டோரம் இருக்கிற கோபிநத்தம் பக்கத்து ஆள். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் பெரியவர், சம்பளத்தில் இரண்டு படி சின்னவர். என் மேஜையில் ஃபைல்கள் நிற வாரியாக நிற்கும். அவர் மேஜையில் குக்கர் காஸ்கெட், குடைக் கம்பி, ஸ்கூட்டரின் தேய்ந்த பிரேக் கட்டை, வயிறு கிழிந்த ஒரு மிக்ஸி, எல்லாம் கிடக்கும்.

"சார், இந்தக் குப்பையை எப்ப எடுக்கறதா உத்தேசம்?"

"குப்பையில்லீங் மேடம். இது செத்துப்போன மிக்ஸிங். ஏன் செத்துச்சுன்னு இன்னும் புடிபடலீங். அதுக்குள்ள தூக்கிப் போட்டா பாவமில்லீங்களா?"

இப்படி ஒருத்தரோடு காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தால் எப்படிப்பட்ட சாதுவுக்கும் பல் நறநறக்கும். நானோ சாது இல்லை.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அவர் டிசைன் வகுப்பு எடுத்தார். சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முதலில் பத்துத் தப்பான டிசைன் வரைந்து வர வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் உருப்படாது என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் சரியானதைக் காட்டலாம். இதற்கென்றே தனி நோட்டு, பெயர் தப்பு நோட்டு. பத்துத் தப்பு இல்லாமல் நேராக விடையோடு வந்தால், "இதை எங்கிருந்து சுட்டே?" என்பார். சுட்டுத்தான் இருப்பான். தப்பாமல் கண்டுபிடிப்பார்.

ஒருநாள் அக்ரஹாரத்திலிருந்து ஒரு அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நெற்றியில் நாமம், கையில் மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்.

"சார், என் பையன் எல்.கே.ஜி.யிலேருந்து ஒரு தப்பு பண்ணினதில்ல. கேட்டுப் பாருங்கோ. நீங்க அவனுக்கு இருபதுக்கு மூணு போட்டிருக்கேள்."

"அந்த மூணும் அனுதாபத்துலதானுங் போட்டேன்."

"என்ன சார் இது!"

"தப்பே பண்ணாத பையன் புதுசா என்னங்க பண்ணுவான்? வூட்டுல அவனை ஒருநாள் சமைக்கச் சொல்லுங். என்ன வந்தாலும் சாப்புடுங். அப்பறமேல்ட்டு வாங், மார்க்கைப் பத்திப் பேசலாம்."

அவர் நேரே துறைத் தலைவரிடம் போனார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். தப்பு சார் எது செய்தாலும் விளக்கம் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்திருந்தது. ஒரே கேபினில் இருக்கும் பாவத்துக்குத்தான்.

அதே பாவத்துக்கு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு ஸ்பிரிங் விவகாரம். ஒரு மத்தியானம் கையில் ஐந்தாறு ரெக்கார்டு நோட்டுகளோடு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இது என்னங்?"

"ஸ்க்ரூ ஜாக் சார். லாரியைத் தூக்கற ஜாக்கி. இதுகூடத் தெரியாதா?"

"அது தெரீதுங். அதோட பக்கத்துல சுருள் சுருளா இருக்குதே, இது?"

"ஸ்பிரிங். அதான் எழுதியிருக்கே."

"ஜாக்கிக்கு ஏனுங் ஸ்பிரிங்?"

எனக்குத் திக்கென்றது. ஜாக்கிக்கு எதற்கு ஸ்பிரிங்? வேறு நோட்டைத் திறந்தேன், அதிலும் ஸ்பிரிங். எடுத்த நோட்டிலெல்லாம் ஸ்பிரிங். போன வருஷத்து நோட்டிலும் இருந்தது. தப்பு சார் விடுகிற ஆளா? பீரோவைக் குடைந்து ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போனார். ஒரு வருஷத்தில் அதற்கு எத்தனை சுற்று என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷத்தில் எந்த உலோகத்தில் செய்ய வேண்டும் என்று இருந்தது. அதற்கும் முன்னால் வெறும் பெயர் மட்டும். இன்னும் முன்னால் பெயரே இல்லை, சுருள் மட்டும். எட்டு வருஷம் போய், பீரோவின் அடித்தட்டில், எல்லோரும் பார்த்து எழுதிய அந்த ஆதி நோட்டு கிடைத்தது. பக்கத்தைத் திருப்பினார். ஜாக்கியின் படத்துக்குப் பக்கத்தில் நசுங்கிச் சுருண்டு காய்ந்துபோன கரப்பான் பூச்சியின் கால் ஒன்று ஒட்டியிருந்தது.

எட்டு வருஷமாக எங்கள் கல்லூரி கரப்பான் பூச்சியின் காலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி மூன்று வருஷ நோட்டுகளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை மையில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தது நான்.

தப்பு சார் சிரித்தார். நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு வகுப்பின் அறுபது நோட்டையும் புரட்டி, ஸ்பிரிங் இல்லாத ஒரே ஒரு நோட்டைக் கண்டுபிடித்தார். சௌம்யா என்ற பெண்ணுடையது. வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "யோசிச்சுத்தான் ஸ்பிரிங்கை விட்டியா கண்ணு?" என்று கேட்டார். "சாரி சார், மறந்துட்டேன் சார், இப்பவே வரைஞ்சிடறேன்" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதவளுக்கு முழு மார்க் போட்டார். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் இங்கே நான் எழுதியாக வேண்டும்.

அதற்கடுத்த மாதம் வாழைப்பழம். நஞ்சன்கூடு ரசபாளே தெரியுமில்லையா? விரல் பட்டாலே கருத்துப் போகிற செல்லப்பிள்ளைப் பழம். "காலை நேரத்துக் கூட்ட பஸ்ஸில், நஞ்சன்கூட்டிலிருந்து கல்லூரி வரை, ஒரு சீப்பு ரசபாளேயை ஒரு தழும்பு இல்லாமல் கொண்டு வருக." இதுதான் அவர் கொடுத்த டிசைன் கணக்கு.

பையன்கள் தெர்மகோல் பெட்டி, தண்ணீர்ப் பை, பலூன் கூடை என்று கிளம்பினார்கள். ஒருவன் அம்மாவின் புடவையை பஸ் கம்பியில் தூளியாகக் கட்டி அதற்குள் பழத்தை வைத்துவிட்டான். கண்டக்டர் வந்து, "மகு யாரது?" என்று கேட்டிருக்கிறார், குழந்தை யாருடையது என்று. இவன் முழிக்க, அதற்குள் பின் சீட்டு அம்மா ஒருவர் தூளியை ஆட்டத் தொடங்கிவிட்டார். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்று சொல்லி கண்டக்டரையும் அதட்டியிருக்கிறார். கல்லூரி வாசலில் தூளிக்குள்ளிருந்து வாழைப்பழம் இறங்கியதைப் பார்த்த அந்த அம்மாவின் முகத்தை நான் நேரில் பார்க்கவில்லையே என்று இன்றும் எனக்கு ஆதங்கம்தான். பழமும் ஆடி ஆடிக் கருத்துப் போயிருந்தது.

கடைசியில் ஜெயித்தவன் பெட்டியும் கொண்டுவரவில்லை, தூளியும் கட்டவில்லை. ஜன்னலோர சீட்டில் இருந்த ஒரு பாட்டியம்மாவிடம், "கொஞ்சம் மடியில வெச்சுக்கோங்க அஜ்ஜி" என்று கொடுத்திருக்கிறான். நின்றுகொண்டு போகிற நாம் நம் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பதில்லையா, அதேதான். பழத்தில் ஒரு பொட்டு இல்லை. தப்பு சார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதில் டிராயிங் எங்கே? கணக்கு எங்கே? பாட்டியை எப்படி ஃபைலில் வைப்பது?" என்று துறைத் தலைவர் குதித்தார். அதற்கும் விளக்கம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் கமிட்டி வருகிறது என்ற செய்தி வந்தது. மூன்று பேர் வெளியூரிலிருந்து வந்து, கல்லூரியைச் சுற்றிப் பார்த்து, எங்கள் துறைக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு எல்லாம் காட்டிச் சொல்லும் பொறுப்பு எனக்கு. எனக்கோ மூன்று வருஷ தற்காலிகம் முடிந்து, வேலை நிரந்தரம் ஆகிற சமயம். துறைத் தலைவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"பாருங்க மேடம், கமிட்டி நல்லா எழுதினா உங்க நிரந்தர ஆர்டர் மறுநாளே. எழுதலைன்னா நீங்க வேற காலேஜ் பார்த்துக்கலாம். அந்த தப்பு மனுஷன் மட்டும் அவங்க கண்ணுல படக்கூடாது. எப்படியோ, உங்க பொறுப்பு."

வேறு கல்லூரி என்றால் பெங்களூர்தான். அம்மாவோ மைசூரை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்பா போன பிறகு அவளைத் தனியே விடவும் மனசு வராது. இந்த வேலை எனக்கு வேண்டும், ஐயா. எந்த வெட்கமும் இல்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

கமிட்டி வருகிற நாள் காலையில் தப்பு சாரிடம் பொய் சொன்னேன். "சார், நஞ்சன்கூட்டுல நாம வழக்கமாப் போற ஃபேக்டரிக்குப் பசங்களை இண்டஸ்ட்ரி விசிட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் பர்மிஷன் லெட்டர் வாங்கணும். இன்னிக்கே போயாகணுமாம். மேனேஜர் உங்களைத்தான் நேர்ல வரச் சொன்னார். சாயங்காலம்கூட ஆகும் போல."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரீங் மேடம், போயிட்டு வாரனுங்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது. கூடவே, நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்ற குற்ற உணர்வும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.

கமிட்டித் தலைவர் திருச்சிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பேராசிரியர். சிரிக்கவே தெரியாத முகம். புனேயிலிருந்து ஒரு அம்மா, டெல்லியிலிருந்து ஒருவர். காலை முழுவதும் ஃபைல் ஃபைலாகப் புரட்டினார்கள். பன்னிரண்டரை மணிக்கு டெல்லிக்காரர் நூலகத்தைப் பார்க்கப் போக, மற்ற இருவரையும் எங்கள் துறையின் மகுடத்துக்குக் கூட்டிப்போனேன். இன்னோவேஷன் சென்டர்.

மாணவர்களின் படைப்பாற்றலை வளர்ப்பதற்கென்றே கட்டிய அறை அது. அழுக்காகிவிடும் என்று அதற்குள் ஒரு மாணவனைக்கூட அதுவரை விட்டதில்லை. வண்ண வண்ண நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. மெத்து மெத்தென்ற பீன் பேக் நான்கு, சுவரெல்லாம் 'வித்தியாசமாக யோசி' என்று போஸ்டர்கள். கதவில் விரல் வைத்தால் திறக்கிற புத்தம்புது மின்சாரப் பூட்டு. திறக்கும் விரல் துறைத் தலைவருடையது மட்டும்தான்.

அவர் திறந்துவிட்டார். உள்ளே போய், மைசூர் வழக்கப்படி கமிட்டிக்காரர்கள் இருவர் தலையிலும் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை வைத்தோம். நினைவுப் பரிசான பித்தளை யானையை எடுத்துக் கொடுக்கப் போன நேரத்தில், போட்டோகிராபரைக் காணோம் என்று துறைத் தலைவர் வெளியே ஓடினார். கதவு தானாக மூடிக்கொண்டது. கரண்ட் போயிற்று.

பூட்டு செத்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் இந்தப் புது அறைக்கு அதிலிருந்து கம்பி இழுக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஏ.சி. நின்றது. ஜன்னல் என்று பெயருக்குத் திறக்க முடியாத ஒரு கண்ணாடி. உள்ளே தலைப்பாகையோடு கமிட்டித் தலைவர், தலைப்பாகையோடு புனே அம்மா, யானையோடு நான்.

வெளியே துறைத் தலைவரின் குரல் கேட்டது. பூட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார், புகார் எண் வந்துவிட்டது, ஆள் பெங்களூரிலிருந்து நாளைக்கு வருவான். கதவு தேக்கு, யாரும் தொடக் கூடாது. இருபது மாணவர்கள் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், கமிட்டி போகிற வரை எதையும் தொடாதே என்று நான்தான் காலையில் அவர்களுக்கு உத்தரவு போட்டிருந்தேன்.

பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டியது. புனே அம்மா பீன் பேக்கில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தலைவர் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, ஒரு ஸ்க்ரூடிரைவர் எடு."

"இல்ல சார்."

"சுத்தியல்?"

"இல்ல சார்."

"இன்ஜினியரிங் காலேஜ். இன்னோவேஷன் சென்டர். இந்த ரூமுல வேற என்னதான் இருக்கு?"

"ஒட்டுற கலர் பேப்பர் இருக்கு சார். அஞ்சு கலர்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் நிரந்தர ஆர்டர் பொசுங்கியதை நான் கண்ணால் கண்டேன். பெங்களூர், வாடகை வீடு, வரமாட்டேன் என்கிற அம்மா, எல்லாம் வரிசையாக வந்து போயின. போனது போச்சு, இனி வெட்கம் என்ன என்று போனை எடுத்தேன்.

"தப்பு பேசறனுங்."

"சார், எங்க இருக்கீங்க? கமிட்டியும் நானும் உள்ள மாட்டிக்கிட்டோம் சார். கதவு திறக்கல. எனக்கு பயமா இருக்கு சார்."

"பயப்படாதீங். இதோ வாரனுங்."

நஞ்சன்கூட்டிலிருந்து பஸ் பிடித்து வர அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் ஐந்து நிமிஷத்தில் அவர் குரல் கதவுக்கு வெளியே கேட்டது. அந்தப் பதற்றத்தில் அது எப்படி என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஏனுங் பசங்களா, கையைக் கட்டிட்டு நின்னா கதவு தொறக்குமா? ஆளுக்கொரு தப்பு சொல்லுங்கடா."

"தப்பா?" துறைத் தலைவர் அலறினார். "உள்ள கமிட்டி இருக்கு! சரியா ஏதாவது சொல்லச் சொல்லுங்க!"

"சரியானது தெரிஞ்சிருந்தா நாம ஏனுங் வெளியில நிக்கறோம்?"

தலைவர் நடையை நிறுத்திவிட்டு, கதவில் காதை வைத்தார்.

"ஒதைச்சுத் தொறக்கலாம் சார்," ஒரு பையன்.

"தேக்கு. ஒங்காலு ஒடையும். ஒண்ணு."

"பிரின்ஸிபால் கார் பேட்டரியை எடுத்து பூட்டுக்கு கரண்ட் குடுக்கலாம்."

"பூட்டோட கம்பி உள்பக்கம். ரெண்டு."

"பக்கத்து ரூம்லேருந்து சீலிங் வழியா ஊர்ந்து போலாம்."

"சுவரு மேல வரைக்கும் இருக்குது. நல்ல தப்பு. மூணு."

"கண்ணாடியை ஒடைக்கலாம்."

"ரெண்டாவது மாடி. உள்ள இருக்கறவங்களை எப்படி எறக்குவே? நாலு."

"எச்.ஓ.டி. சார் விரலை..." என்று ஒருவன் தொடங்க, துறைத் தலைவர் "ஏய்!" என்றார். அது ஐந்தாகக் கணக்கில் ஏறியது.

பிறகு ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி. சௌம்யா. "சார், எல்லாரும் பூட்டு பக்கமே பாக்கறோம். கதவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கில்ல? கீல் பக்கம்? ஆனா அது தப்பு சார். கீல் உள்பக்கம் இருக்கு. நாம வெளிய இருக்கோம்."

"ஆறு," என்றார் தப்பு சார்.

"யாரும்மா அது?" கமிட்டித் தலைவர் கதவை இரண்டு கையாலும் தட்டினார். "உனக்குத்தாம்மா அது தப்பு! நாங்க உள்ளதானே இருக்கோம்! கீல் எங்க பக்கம்தான் இருக்கு!"

 வெளியே இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

புதுக் கதவு, ஆணியைத் தட்டினால் கழன்று வருகிற கீல், மொத்தம் மூன்று. தட்ட எங்களிடம் எதுவும் இல்லை என்று கத்தினேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக ஒரு நீள ஆணி உள்ளே வந்தது. சுத்தியல் அந்த இடுக்கில் நுழையவில்லை. "உள்ள கனமா ஏதாச்சும் பாருங் மேடம்" என்றார் தப்பு சார். நான் பார்த்தேன். தலைவரும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் பித்தளை யானையைப் பார்த்தோம்.

"குடும்மா," என்றார். "எனக்குக் கொடுக்கறதுக்குத்தானே வாங்கினே?"

நான் அந்த நீள ஆணியைக் கீலுக்கு அடியில் பிடிக்க, தலையில் ஜரிகைப் பேட்டாவோடு அந்தப் பெரிய மனுஷர் யானையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே அடித்தார். முதல் கீலின் ஆணி கழன்று வந்தபோது "வந்துருச்சு!" என்று கத்தினார். உச்சியில் இருந்த இரண்டாவதுக்கு ஸ்டூல் வேண்டும் என்றார், பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலியை இழுத்துப் போட்டேன். மூன்றாவதுக்கு யானையின் தும்பிக்கை வளைந்தது. புனே அம்மா பீன் பேக்கில் கிடந்தபடியே கை தட்டினார். வெளியே பையன்கள் தள்ள, உள்ளே நாங்கள் இழுக்க, கதவு கீல் பக்கமாகத் திறந்துகொண்டது.

தலைவர் வெளியே வந்தபோது பேட்டா ஒரு காதில் தொங்கியது, கையெல்லாம் கிரீஸ். துறைத் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவரைத் தாண்டிப் போய், "அந்தப் பொண்ணு எங்க?" என்றார் தலைவர். சௌம்யா வழக்கம்போல அழத் தயாராக நின்றாள். அடுத்து, "ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினது யாரு?" என்றார். தப்பு சார் குடையோடு முன்னால் வந்தார்.

மூன்று மணி ரயிலைக் கமிட்டித் தலைவர் விட்டுவிட்டார். அறுபது தப்பு நோட்டையும் வரவழைத்து, எங்கள் கேபினில், செத்த மிக்ஸியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாகப் படித்தார். தூளி கட்டிய பழத்தின் பக்கத்தில் வந்து அந்த மனுஷர் சிரித்தார். முப்பது வருஷம் சிரிக்காமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

கிளம்பும்போது என்னிடம் கேட்டார். "காலையிலேருந்து எத்தனை ஃபைல் காட்டினே. இவரை ஏம்மா காட்டல?"

"அவர் நஞ்சன்கூடு போயிருந்தார் சார், ஆபீஸ் வேலையா." சொல்லும்போதே வாய் கசந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், உங்களை இழுத்தடிப்பானேன்? அங்கீகாரம் வந்தது. என் நிரந்தர ஆர்டரும் வந்தது. அம்மா கோயிலுக்குப் போய் ஏதோ வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்து, "நான் அப்பவே சொன்னேனே" என்றாள். என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. இன்னோவேஷன் சென்டர் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். நாற்காலி உறைகளை மாணவர்கள் ஒரே நாளில் கிழித்தார்கள். இப்போது அந்த அறை போதுமான அளவு அழுக்காக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி. கமிட்டியின் கார் வாசலைத் தாண்டியதும் கேபினுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.  எதிரே தப்பு சார் மிக்ஸியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். காலையில் தள்ளி வைத்ததை இனியும் தள்ள முடியாது.

"சார், நான் ஒண்ணு சொல்லணும். நஞ்சன்கூட்டுல யாரும் உங்களை வரச் சொல்லல. கமிட்டி கண்ணுல நீங்க படக்கூடாதுன்னு நான்தான் பொய் சொல்லி அனுப்பிச்சேன். என் வேலை போயிடும்னு பயந்துட்டேன் சார். மன்னிச்சிடுங்க."

"தெரீமுங் மேடம்."

"தெரியுமா?"

"அந்த ஃபேக்டரிக்கு இன்னிக்கு வார லீவுங். ஒங்களுக்குப் பொய் சொல்லவும் வரலீங்."

"அப்ப ஏன் சார் போனீங்க?"

"போவலீங். காலேஜ் கேட்டுக்கு எதுக்க பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருந்தேன். நான் இங்க இருந்தா ஒங்களுக்குச் சங்கடம். ஆனா காலையில ஒங்க மூஞ்சியே சரியில்லீங், ரொம்ப பயந்துபோயிருந்தீங். தூரமாப் போனா, ஏதாச்சும் ஒண்ணுன்னா எப்படி வர்றது? அதான் கிட்டத்துலயே இருந்துட்டேன்."

காலை ஒன்பதரையிலிருந்து மத்தியானம் வரை, அந்தத் தகரக் கூரையின் கீழே, குடையை வைத்துக்கொண்டு. வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் விட்டுவிட்டு. அவரை விரட்டிய எனக்காக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் பதறிப்போய் மிக்ஸியின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றேன். 

"இல்லீங்."

அன்று அம்மா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருந்தாள். நானும் அதுவரை சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மேஜைக்குத் தள்ளினேன். மனுஷன் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அப்படிப் பசித்தது, ஆனால் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வயிறு நிறைந்துவிட்டது.